பூட்ஸைக் கழற்றிய பிறகு: தொழில்முறை கால்பந்து வீரர் சிறுவர் பயிற்சியாளராவது எப்படி?

என் முதல் நாள் பயிற்சிக்கு 12 பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் எட்டு, ஒன்பது வயது. நான் 11 ஆண்டுகள் சம்பளத்துக்கு ஆடியவன், டிஃபெண்டர். உள்பாதத்தால் பாஸ் கொடுப்பது எப்படி என்று ஏழு நிமிடம் விளக்கினேன். ஊன்றும் கால் எங்கே இருக்கவேண்டும், இடுப்பு எப்படித் திரும்பவேண்டும், கணுக்காலை ஏன் இறுக்கவேண்டும், ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் ஒருவன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் கோனைத் தலையில் கவிழ்த்துத் தொப்பியாக்கியிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் கையைத் தூக்கினாள். ஏதோ சந்தேகம் கேட்கப்போகிறாள் என்று மகிழ்ந்தேன். "எப்போ விளையாடுவோம்?" என்றாள்.

பெரிய மைதானங்களில் ஆடிவிட்டுச் சிறுவர்களிடம் வருகிற எல்லாருக்கும் இப்படி ஒரு நாள் வாய்க்கும். காலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது; வாய்க்குத் தெரிந்தாலும் எட்டு வயதுக் காதுக்கு அது தேவைப்படாது. இந்த மாற்றத்தைப் படிப்படியாகச் செய்வது எப்படி என்பதை, நான் செய்த தவறுகளையும் சேர்த்து, இங்கே எழுதியிருக்கிறேன்.

1. உங்களுக்கு இது வேண்டுமா என்று பாருங்கள்

ஓய்வு பெற்ற முதல் சில மாதங்களில் டிரெஸ்ஸிங் ரூம் இல்லாத வெறுமை ஆளைத் தின்னும். அந்த வெறுமையை நிரப்பத்தான் பலர் பயிற்சியாளர் வேலைக்கு வருகிறார்கள். தப்பில்லை. ஆனால் பிள்ளைகள் உங்கள் பழைய வாழ்க்கையைத் திருப்பித் தரமாட்டார்கள். உங்களை யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. "வீடியோ கேம்ல நீங்க இருக்கீங்களா?" என்பதுதான் அதிகபட்ச விசாரிப்பு. இல்லையென்றதும் ஆர்வம் போய்விடும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். வீரராக இருந்தபோது காலையில் பயிற்சி, மதியத்துக்குமேல் ஓய்வு. சிறுவர் பயிற்சியாளருக்கு அப்படியே தலைகீழ்: பள்ளி விட்ட பிறகுதான் வேலை ஆரம்பம், சனி ஞாயிறு முழுக்கப் போட்டி. 'இப்போதாவது குடும்பத்தோடு இருக்கலாம்' என்று ஓய்வு பெற்றவர்களுக்கு இது பெரிய அடி. சம்பளமும் முன்பு வாங்கியதோடு ஒப்பிடும்படி இருக்காது. பிரான்ஸின் புகழ்பெற்ற முன்னாள் வீரர் தியரி ஆன்ரி, லண்டன் கிளப்பான ஆர்செனலின் இளைஞர் அணியோடு வேலை செய்துகொண்டிருந்தார். தொலைக்காட்சி விமர்சகர் வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியாது, ஏதாவது ஒன்றுதான் என்ற நிலை வந்ததும் 2016இல் விலகினார். அவருக்கே அந்த நிலை என்றால், இதைப் பகுதிநேரப் பொழுதுபோக்காக நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: பக்கத்தில் நடக்கும் சிறுவர் பயிற்சியை நான்கு வாரம் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். உங்கள் கண் திறமையான இரண்டு பேரை மட்டுமே தொடர்கிறதா, பந்தே கிடைக்காமல் ஓரத்தில் நிற்கும் பையன் மேலும் போகிறதா? இரண்டாவது வகைக் கண் இருந்தால் தாராளமாக உள்ளே வாருங்கள்.

2. லைசென்ஸ் எடுங்கள், வரிசைப்படி எடுங்கள்

ஐரோப்பாவில் பயிற்சியாளர் லைசென்ஸுக்குக் கீழிருந்து மேலாக சி, பி, ஏ, புரோ என்று படிகள். ஆசியாவிலும் ஏறக்குறைய இதே ஏணிதான். ஏஎஃப்சி என்ற ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் படிகளுக்குக் கீழே நாடுகள் தங்கள் தொடக்கநிலைப் படிப்பை வைத்திருக்கின்றன. நீண்ட காலம் முதல் பிரிவில் ஆடியவர்களுக்குச் சில சங்கங்கள் குறுக்கு வழி தருகின்றன, சில படிகளைச் சேர்த்தே முடித்துவிடலாம். கிடைத்தாலும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். மேல்படிகளில் சொல்லித்தருவது பெரியவர்களின் அணியை நடத்துவது. ஏழு வயதுப் பிள்ளை ஷூ லேஸ் அவிழ்ந்து அழும்போது செய்யவேண்டியதைக் கீழ்ப்படியில்தான் சொல்லித்தருவார்கள். ஐரோப்பாவில் இளையோர் பயிற்சிக்கென்றே தனியாக ஏ நிலை லைசென்ஸ் ஒன்று இருக்கிறது. சிறுவர்களோடுதான் இருக்கப்போகிறீர்கள் என்று முடிவாகிவிட்டால் அந்தப் பாதையைக் கேட்டுப் பாருங்கள்.

வகுப்பில் உங்கள் பக்கத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பந்தை நேராக உதைக்கக்கூட வராது. ஆனால் 20 பிள்ளைகளை அரை நிமிடத்தில் அமைதியாக்கிவிடுவார். அவரோடு நட்பு பிடியுங்கள். எனக்கு அந்தப் படிப்பில் கிடைத்த பெரிய லாபம் அப்படி ஒருவர்தான்.

3. ஒரு பருவம் உதவியாளராக இருங்கள்

பெரிய பெயர்களே கீழிருந்துதான் ஏறினார்கள். உலகக் கோப்பை வென்ற சாபி அலோன்சோ 2017இல் ஓய்வு பெற்று, ரியல் மாட்ரிட்டின் 14 வயதுக்கு உட்பட்டோர் அணியில் தொடங்கினார். பிறகு ரியல் சோசிடாட்டின் 'பி' அணியில் மூன்று பருவங்கள். லெவர்குசென் அணியை 2023–24இல் ஒரு தோல்வியும் இல்லாமல் ஜெர்மன் சாம்பியனாக்கியது அதற்கெல்லாம் அப்புறம்தான். உலகக் கோப்பைகளில் 16 கோல் அடித்த ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசே 2018இல் பயெர்ன் மியூனிக் கிளப்பின் 17 வயதுக்கு உட்பட்டோர் அணியை எடுத்தார். இங்கிலாந்தின் ஸ்டீவன் ஜெரார்டு லிவர்பூலின் 18 வயதுக்கு உட்பட்டோர் அணியிலும், ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ டோரஸ் அட்லெடிகோ மாட்ரிட்டின் இளையோர் அணியிலும் பழகினார்கள்.

இவர்கள் எல்லாரும் தொழில்முறை கிளப்பின் அகாடமிகளில் வேலை பார்த்தவர்கள், அங்கே வருவது பொறுக்கி எடுத்த பிள்ளைகள். நீங்களும் நானும் பெரும்பாலும் பார்க்கப்போவது கால்பந்தைத் தொழிலாக எடுக்காத பிள்ளைகளைத்தான்.

உதவியாளராக இருக்கும் பருவத்தில் கோன் வைப்பது, அணி பிரிக்கச் சட்டைமேல் போடும் பிப்களைத் துவைப்பது, வருகைப் பதிவு எடுப்பது எல்லாம் செய்யுங்கள். தலைமைப் பயிற்சியாளர் உங்களைவிட மிகக் கீழான லீக்கில் ஆடியவராக இருக்கலாம், ஆடியே இராதவராகவும் இருக்கலாம். பிள்ளைகள் முன்னால் அவரைத் திருத்தாதீர்கள். நான் ஒருமுறை திருத்தினேன். அன்று முழுக்கப் பிள்ளைகள் அவர் எதைச் சொன்னாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்தார்கள். பயிற்சி கெட்டது என்னால்தான்.

4. மைதானத்தில் கால் வைக்கும் முன்: பாதுகாப்பு

பின்னணிச் சோதனை, முதலுதவிப் பயிற்சி, குழந்தைகள் பாதுகாப்பு வகுப்பு மூன்றையும் முடித்துவிட்டுத்தான் பிள்ளைகள் பக்கம் போகவேண்டும். 'என்னைத் தெரியாதவங்க யாரு?' என்று இதைத் தட்டிக்கழிக்கும் முன்னாள் வீரர்களைப் பார்த்திருக்கிறேன். பிரபலமானவர் என்பதற்காக யாரும் கேள்வி கேட்காமல் விடுவதுதான் ஆபத்தே. இங்கிலாந்தில் 2016இல் முன்னாள் தொழில்முறை வீரர்கள் சிலர், சிறுவயதில் தங்கள் பயிற்சியாளர்களால் பாலியல் கொடுமைக்கு ஆளானதை வெளியே சொன்னார்கள். 1970 முதல் 2005 வரையான காலத்தை ஆராய்ந்த அறிக்கை 2021இல் வந்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்வதில் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் காட்டிய தாமதத்தை அது கண்டித்தது.

நடைமுறையில் நான்கு பழக்கங்கள் போதும்: பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, தனியாகக் காரில் ஏற்றிச்செல்லக்கூடாது, செய்தி எதுவானாலும் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் அனுப்பவேண்டும், உடை மாற்றும் அறைக்குள் போகவேண்டியிருந்தால் இன்னொரு பெரியவர் கூட இருக்கவேண்டும்.

5. காலுக்குத் தெரிந்ததை விளையாட்டாக மாற்றுங்கள்

இந்தப் படியில்தான் முன்னாள் வீரர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். நன்றாக ஆடியவர்கள் இன்னும் மோசமாக விழுகிறார்கள்.

பந்து வரும் முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்கிறீர்கள். இதை எப்போது கற்றீர்கள்? நினைவிருக்காது. ஆயிரக்கணக்கான முறை பந்தைப் பறிகொடுத்து, அந்தக் கோபத்தில் உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது அது. இப்போது எட்டு வயதுப் பையனிடம் "பாஸ் வரும் முன் பின்னால் பார்" என்று கத்துகிறீர்கள். அவன் என்ன செய்வான்? தலையைத் திருப்புவான், எதையும் பார்க்கமாட்டான், பந்து காலுக்கடியில் ஓடிவிடும். நீங்கள் சொன்னதைத்தான் செய்தான், பாவம். பார்ப்பதற்கு அவனிடம் ஒரு காரணம் இல்லை.

அந்தக் காரணத்தைத்தான் நீங்கள் உண்டாக்கவேண்டும். ஒரு ஆட்டம் சொல்கிறேன். ஏறக்குறைய 25 மீட்டருக்கு 20 மீட்டர் இடம். அதற்குள் ஆறு வாசல்கள், ஒவ்வொன்றும் இரண்டு கோன், இடைவெளி இரண்டு காலடி வைக்கும் தூரம். நாலுக்கு நாலு ஆடட்டும். வாசலுக்குள் பாஸ் கொடுத்து, மறுபக்கம் நிற்கும் தன் அணிக்காரர் அதை வாங்கினால் ஒரு புள்ளி. ஒரே வாசலில் அடுத்தடுத்து இரண்டு முறை கூடாது. இவ்வளவுதான் விதி.

முதல் மூன்று நிமிடம் எல்லாரும் பந்தைச் சுற்றி ஈ மாதிரி மொய்ப்பார்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். இது கடினம், தெரியும். நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு இறுக்கிக்கொள்வேன். பிறகு நிறுத்தி ஒரே கேள்வி: "எந்த வாசல்ல ஆளே இல்ல?" யாராவது கையை நீட்டிக் காட்டுவார்கள். "சரி, ஆடுங்க." இடைவேளைப் பேச்சு முடிந்தது, 15 விநாடி. அடுத்த சுற்றில் ஒரு பிள்ளை பந்து வரும் முன்பே தலையைத் தூக்கிக் காலி வாசலைத் தேடும். நீங்கள் வார்த்தையால் சொல்ல முயன்ற அதே பார்வைதான்.

உங்களுக்குத் தெரிந்த ஒவ்வொன்றையும் இப்படி உடைத்துப் பாருங்கள்: இதைச் செய்தால் மட்டுமே ஜெயிக்க முடியும் என்கிற ஆட்டம் எது? இடது காலைப் பழக்கவேண்டுமா, இடது காலால் அடித்த கோலுக்கு மூன்று புள்ளி. வரும் பந்தை அடக்கும் முதல் தொடுதல் சரியில்லையா, நடுவில் இருவர் துரத்த, சுற்றி நிற்கும் ஐவர் பந்தைக் காப்பாற்றும் ரொண்டோ. நோட்டுப் புத்தகத்தில் இதை எழுதிவையுங்கள். எனக்கு முதல் ஆண்டில் 30 பக்கம் ஆனது. அதில் பாதி ஆட்டங்கள் மைதானத்தில் எடுபடவில்லை, அவற்றையும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

செய்து காட்டுவது? தாராளமாக. பத்து விநாடி, மெதுவாக, வாயைத் திறக்காமல். 35 மீட்டர் தூரத்திலிருந்து பந்தை வளைத்துக் கோலடித்துக் காட்டினால் கைதட்டல் கிடைக்கும். அப்புறம் எல்லாப் பிள்ளையும் அடுத்த அரைமணி நேரம் அதையே முயன்று தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்.

6. ஒரு மணி நேரத்தைத் திட்டமிடுங்கள், வரிசையை ஒழியுங்கள்

ஒரு கணக்குப் போடலாம். 12 பிள்ளைகள், ஒரு கோல், ஒரு வரிசை. ஒருவர் பந்தை ஓட்டிவந்து அடிக்க 20 விநாடி. ஆக ஆளுக்கு நான்கு நிமிடத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. 12 நிமிடப் பயிற்சியில் மூன்றே உதை. மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்ப்பதும் அவனைக் கிள்ளுவதும்தான். அதே 12 பேரை மூன்றுக்கு மூன்றாக இரண்டு குட்டி ஆடுகளத்தில் விட்டால் ஒருவருக்கும் கிள்ள நேரமிருக்காது.

ஆட்டம், பயிற்சி, மறுபடி ஆட்டம் என்ற வரிசை எனக்குச் சரியாக வருகிறது. வந்தவுடனே குட்டி ஆட்டம், 15 நிமிடம். தாமதமாக வருபவர்கள் அப்படியே சேர்ந்துகொள்வார்கள். நடுவில் அன்றைய ஒரே விஷயத்துக்கான பயிற்சி, 20 நிமிடம். கடைசி 25 நிமிடம் மேட்ச். ஒரு நாளைக்கு ஒரு விஷயம்தான், இரண்டாவது நல்ல யோசனை தோன்றினால் அது வியாழக்கிழமைக்கு.

தண்டனையாக ஓடவிடுவது வேண்டவே வேண்டாம். நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம், அதனால்தான் ஓடுவதென்றாலே இன்றும் முகம் சுளிக்கிறோம்.

7. வயதுக்கேற்ற அளவு

பொதுவாக எட்டு வயது வரை 3ஆம் எண் பந்து, 12 வரை 4ஆம் எண், அதன்பின் பெரியவர்களின் 5ஆம் எண். ஆட்களும் அப்படித்தான் ஏறவேண்டும். அமெரிக்காவில் எட்டு வயது வரை நாலுக்கு நாலு, 10 வரை ஏழுக்கு ஏழு, 12 வரை ஒன்பதுக்கு ஒன்பது, அதன்பின்தான் பதினொருவர். உங்கள் நாட்டுச் சங்கத்தின் அளவு சற்று மாறலாம், அதைப் பின்பற்றுங்கள். 12 வயதுக்குள் எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடட்டும், கோல்கீப்பர் உட்பட. 'இவன் பிறவி டிஃபெண்டர்' என்று ஒன்பது வயதில் முத்திரை குத்துவது பெரும்பாலும், அவன் மற்றவர்களைவிட உயரம் என்பதை வேறு வார்த்தையில் சொல்வதுதான்.

8. வலியைப் பற்றி நீங்கள் கற்றதை மறந்துவிடுங்கள்

ஊசி போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறோம். கட்டுப் போட்டுக்கொண்டு 90 நிமிடம் ஓடியிருக்கிறோம், அதைப் பெருமையாகச் சொல்லியும் திரிகிறோம். வளரும் எலும்புக்கு அந்த வீரம் ஆகாது. வேகமாக உயரும் பருவம் பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் வருகிறது. அந்தச் சமயத்திலும் அதற்குச் சற்று முன்னும் முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி வந்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்ற கோளாறாக இருக்கலாம், குதிகாலில் வந்தால் சீவர்ஸ் என்ற கோளாறாக இருக்கலாம். இரண்டுமே, தசைநாண் வந்து சேரும் வளர்ச்சிப் பகுதியில் ஓட்டமும் குதிப்பும் திரும்பத் திரும்பக் கொடுக்கும் இழுவையால் வருபவை. "கொஞ்சம் ஓடினா சரியாகிடும்" என்று சொல்லாமல் பளுவைக் குறையுங்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். நேற்றுவரை லாவகமாக ஆடியவன் திடீரென்று தடுமாறினால் அவனைத் திட்டவேண்டாம். கால் நீண்டுவிட்டது, மூளை இன்னும் பழைய அளவையே வைத்திருக்கிறது.

வார்ம்-அப்புக்கு ஃபிஃபாவின் '11 பிளஸ் கிட்ஸ்' இருக்கிறது. 7 முதல் 13 வயதுக்கென்றே காயங்களைக் குறைக்க உருவாக்கியது, இலவசம்.

தலையால் அடிப்பதில் இன்று விதிகள் மாறிவிட்டன. அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015 இறுதியில், 10 வயது வரையுள்ளவர்கள் பந்தைத் தலையால் அடிக்கக்கூடாது என்று அறிவித்தது. 11 முதல் 13 வரை பயிற்சியில் அளவோடுதான். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவை 2020 பிப்ரவரியில் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்தே அதை நீக்கின. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சியோ என்ற சந்தேகம் வந்தால் பிள்ளையை உடனே வெளியே எடுங்கள். அன்றைக்குத் திரும்ப இறக்காதீர்கள். அவன் "நான் ஓகே சார்" என்றுதான் சொல்வான். நாமும் அப்படித்தான் சொன்னோம்.

9. ஆள் தேர்வில் கண்ணை நம்பாதீர்கள்

ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே வயதுப் பிரிவு என்று வையுங்கள். ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருடம் வித்தியாசம். ஒன்பது வயதில் அது வாழ்நாளில் ஒன்பதில் ஒரு பங்கு. பெரியவன் பந்தைப் பறிப்பான், வேகமாக ஓடுவான், நீங்கள் 'திறமை' என்று எழுதிக்கொள்வீர்கள். அகாடமிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் குவிவது இதனால்தான்.

பின்னாளில் பிரான்ஸுக்காக உலகக் கோப்பை வென்ற அந்துவான் கிரீஸ்மன் சின்ன ஆளாக இருக்கிறான் என்று பிரெஞ்சு கிளப்புகள் திருப்பி அனுப்பின; ஸ்பெயினின் ரியல் சோசிடாட் எடுத்துக்கொண்டது. பின்னாளில் இங்கிலாந்து அணித்தலைவரான ஹாரி கேனைச் சிறுவனாக இருக்கும்போது ஆர்செனல் விட்டுவிட்டது. கண் தேர்ந்தவர்களே இப்படித் தவறும்போது, நானும் நீங்களும் ஒரு மாலைநேரத் தேர்வில் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை எழுதிவிட முடியுமா? நான் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதிவைத்துக்கொள்கிறேன். பல முறை என் முடிவை அது மாற்றியிருக்கிறது.

10. மேட்ச் நாளும் பெற்றோரும்

பருவம் தொடங்கும் முன்பே பெற்றோரைக் கூட்டி மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஏறக்குறைய சம நேரம் ஆட்டம். கோட்டுக்கு வெளியிலிருந்து யாரும் 'அடி, பாஸ் பண்ணு' என்று கத்தக்கூடாது, நான் உட்பட. மேட்ச் முடிந்த 24 மணி நேரத்துக்கு ஆடிய நேரம் பற்றிப் பேச்சே இல்லை.

நான்காவது ஒன்று முன்னாள் வீரர்களுக்கு மட்டும் தேவைப்படும். உங்களிடம் பிள்ளையை விட்டால் பெரிய கிளப்பில் வாசல் திறக்கும் என்று சில பெற்றோர் நினைத்துக்கொண்டுதான் வருவார்கள். யாரும் நேராகக் கேட்கமாட்டார்கள், நீங்களே முந்திக்கொள்ளுங்கள்: "எனக்கு ஆட்களைத் தெரியும், ஆனா அதுக்காக யாரையும் சிபாரிசு பண்ணமாட்டேன்." முகம் சுருங்கும். பரவாயில்லை.

உங்கள் பெயரும் ஒரு சரக்குதான் என்பதை மறக்காதீர்கள். ஒரு தனியார் அகாடமி என் படத்தைப் பெரிதாகப் போட்டு விளம்பரம் செய்தது. நான் போனது மாதத்துக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் யாரென்றே எனக்குத் தெரியாத இளைஞர்கள் வகுப்பு எடுத்தார்கள். ஒரு தாய் என்னிடம் வந்து "உங்களுக்காகத்தான் சேர்த்தோம்" என்றபோது தலை குனிந்தேன். இப்போது ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன்: எத்தனை நாள் நேரில் வருவேனோ அதையும் விளம்பரத்தில் போடவேண்டும்.

11. பருவம் முடிந்ததும் எதை எண்ணுவது?

நாம் கோல்களையும் புள்ளிப் பட்டியலையும் எண்ணிப் பழகியவர்கள். சிறுவர் அணிக்கு நான் எண்ணுவது ஒன்றைத்தான். அடுத்த பருவத்தின் முதல் நாள் பழைய வருகைப் பதிவை எடுத்துக்கொண்டு நில்லுங்கள். போன முறை இருந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? வராதவர்களின் வீட்டுக்குப் போன் செய்து காரணம் கேளுங்கள். வீடு மாறிவிட்டோம் என்பார்கள், நீச்சலில் சேர்த்துவிட்டோம் என்பார்கள், அதெல்லாம் சரி. மற்ற பதில்களைத் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

என் முதல் பருவத்து 12 பேரில் ஐந்து பேர் திரும்பவில்லை. அதில் ஒருவனின் அப்பா, பையன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று போனை அவனிடமே கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் மூச்சு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "உங்ககிட்ட நிறைய நேரம் லைன்ல நிக்கணும் சார்" என்றான்.